தீர்ப்புக் குறிப்புகளை நிறுத்தாதீர்கள்: ஒரு சட்ட ஆய்விதழின் ஆசிரியர் குழுவுக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர் குழுவினருக்கு,

வரும் தொகுதியிலிருந்து ஒரு தீர்ப்பைச் சில பக்கங்களில் அலசும் ‘தீர்ப்புக் குறிப்புகள்’ பகுதி இருக்காது என்று அறிவித்திருக்கிறீர்கள். எட்டாயிரம் சொல்லுக்குக் குறைந்த எதையும் இனிப் பரிசீலிக்க மாட்டீர்கள். சட்டக் கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ பொறுப்பில் இல்லாதவர் எழுத வேண்டுமென்றால், அப்படிப் பொறுப்பில் உள்ள ஒருவரை இணை ஆசிரியராகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில், ஐந்து நீதிபதிகளோ அதற்கு மேலோ உட்காரும் அரசியல் சாசன அமர்வுகளுக்கே முன்னுரிமை. காரணம் ஒரே வரியில் இருக்கிறது: இதழின் ஆய்வுத் தரத்தை உயர்த்துவதற்காக.

நான் இருபத்தாறு வருடமாக ஒரு மாவட்டத் தலைநகரில் உரிமையியல் வழக்குகள் நடத்துகிறவள். முன்சீப் கோர்ட், சார்பு நீதிமன்றம், மாவட்ட நீதிமன்றம் மூன்றும் ஒரே சுற்றுச்சுவருக்குள் இருக்கின்றன. என் தொழில் முழுக்க அந்தச் சுவருக்குள்தான். உச்ச நீதிமன்றத்தை ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன், அதுவும் சாலையில் நின்று. ஆனால் அந்த நீதிமன்றம் தினமும் என் மேசைக்கு வந்துவிடுகிறது. அரசியல் சாசனத்தின் 141ஆம் கூறு அதற்கு வழி செய்து வைத்திருக்கிறது. அங்கே விளம்பப்படும் சட்டம் நாட்டின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும். எங்கள் ஊர் முன்சீப்பையும் சேர்த்துத்தான்.

உங்கள் இதழ் தொடங்கப்பட்டதே அந்தத் தீர்ப்புகளை அலசுவதற்காக. பல வருடமாகச் சந்தா கட்டி வாசிக்கிறேன். நீண்ட கட்டுரைகளில் பாதி எனக்குப் புரியும். மீதி புரிந்த மாதிரி பக்கத்தைத் திருப்பிவிடுவேன். கடைசிப் பத்துப் பன்னிரண்டு பக்கங்களில் வரும் தீர்ப்புக் குறிப்புகளைத்தான் நகலெடுத்துக் கேஸ் கட்டில் வைப்பேன். நீங்கள் இப்போது வெட்டியிருப்பது அந்தப் பக்கங்களை. அந்த வெட்டு யார்மேல் விழும் என்பதை என்னிடம் இருக்கும் ஒரு கட்டைப் பிரித்தே காட்டுகிறேன்.

2012இல் ஒரு அம்மாள் என்னிடம் வந்தார். 1984இல் திருமணம் ஆனவர். தாய் முன்பே போய்விட்டார், தகப்பனார் 2003இல் இறந்தார். பூர்வீக நஞ்சை நாலரை ஏக்கர், முழுக்க அண்ணன் அனுபவத்தில். பாகப் பிரிவினைக்கு வழக்குப் போட்டோம்.

அடுத்து வரும் கணக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான். மற்றவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் பங்கு உண்டு என்று தமிழ்நாடு 1989லேயே சட்டம் திருத்தியது. ஆனால் 1989 மார்ச் 25க்கு முன் திருமணமான பெண்களுக்கு அந்தத் திருத்தத்தில் இடமில்லை. என் கட்சிக்காரருக்குக் கல்யாணம் ஐந்து வருடம் முந்திவிட்டது. அவருக்கு மிஞ்சிய ஒரே வழி, மகனைப் போலவே மகளுக்கும் பிறப்பால் பங்கு தந்து 2005 செப்டம்பர் 9இல் நடைமுறைக்கு வந்த, இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் மத்தியத் திருத்தம். அது பொருந்தினால் அண்ணனும் தங்கையும் ஆளுக்குப் பாதி. பொருந்தாவிட்டால் பழைய கணக்கு. இறப்பதற்குச் சற்று முன் தகப்பனாருக்கும் மகனுக்கும் பாகம் நடந்ததாக வைத்துக்கொண்டு, தகப்பனாருக்கு விழும் பாதியை மகனும் மகளும் பிரித்துக்கொள்வார்கள். மகளுக்குக் கால், மகனுக்கு முக்கால். அரையா காலா என்பதுதான் மொத்த வழக்கும்.

2015 அக்டோபரில் பிரகாஷ் எதிர் புலாவதி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு, 2005 செப்டம்பர் 9 அன்று தகப்பனும் மகளும் இருவருமே உயிரோடு இருந்திருந்தால்தான் திருத்தத்தின் பலன் கிடைக்கும் என்று சொன்னது. சார்பு நீதிமன்றம் 2016இல் அதைச் சுட்டிக்காட்டிக் கால் பங்குக்குத் தீர்ப்பளித்தது. மாவட்ட நீதிமன்றத்தில் அப்பீல் போட்டேன். அது நிலுவையில் இருக்கும்போதே, 2018 பிப்ரவரியில், தனம்மா எதிர் அமர் வந்தது. அதுவும் இரு நீதிபதி அமர்வு. அந்த வழக்கில் தகப்பனார் இறந்தது 2001இல்; இருந்தும் மகள்களுக்குச் சமபங்கு. புலாவதியை எடுத்துக்காட்டிவிட்டே, அது போன திசைக்கு எதிர்த்திசையில் போயிருந்தது அந்தத் தீர்ப்பு. எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். மூன்று மாதம்கூட அது நிலைக்கவில்லை. ஏப்ரலில் மங்கம்மாள் எதிர் டி.பி. ராஜு. நம் தமிழ்நாட்டு வழக்கு, அதுவும் இரு நீதிபதி அமர்வு, மறுபடியும் புலாவதி பக்கம்.

மூன்று தீர்ப்புகள், மூன்றுக்கும் ஒரே எடை. அப்பீலைக் கேட்ட மாவட்ட நீதிபதி பொறுமையானவர். “மேடம், மூணையும் படிச்சிட்டேன். நான் எதைப் பின்பற்றணும்னு நீங்களே சொல்லுங்க” என்றார். நான் சொன்னேன். எதிர்த்தரப்பு வக்கீலும் அவருக்குத் தோன்றியதைச் சொன்னார். இரண்டும் வக்கீல் வாதம்தான். இந்த மூன்று தீர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே மோதுகின்றன, ஏன் மோதுகின்றன என்று எந்தக் கட்சிக்காரரிடமும் பீஸ் வாங்காத ஒருவர் எழுதிய நாலு பக்கம் எங்கள் யாரிடமும் இல்லை.

அதை நானே எழுதி 2018 மே மாதம் உங்களுக்கு அனுப்பினேன். ஏழு மாதம் கழித்துத் திருப்பி வந்தது. உங்கள் மதிப்பாய்வாளர் மூன்று காரணம் சொல்லியிருந்தார்: கோட்பாட்டு அளவில் புதிய பங்களிப்பு இல்லை; எடுத்துக்கொண்ட தீர்ப்புகள் சிறிய அமர்வுகளுடையவை; எழுதியவரின் தொழில் அனுபவத்தை ஆய்வு ஆதாரமாக ஏற்க இயலாது. அடிக்குறிப்புகள் உங்கள் முறையில் இல்லை என்றும் ஒரு வரி இருந்தது. அது உண்மை. என் குமாஸ்தா தட்டச்சு செய்தார், நான் சரிபார்க்கவில்லை. அந்தக் குறையை ஒப்புக்கொள்கிறேன்.

மாவட்ட நீதிபதி அந்த வருடக் கடைசியில் புலாவதியையும் மங்கம்மாளையும் பின்பற்றி, கால் பங்கையே உறுதி செய்தார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. மிச்சம் இருந்தது உயர் நீதிமன்றத்தில் இரண்டாம் மேல்முறையீடு. அதற்கு எத்தனை வருடம் ஆகும் என்று கட்சிக்காரர் கேட்டபோது என்னால் விரலை மடக்கிச் சொல்ல முடியவில்லை. அந்த அம்மாளின் மகனுக்குப் பணம் தேவைப்பட்ட நேரம். 2019இல் மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசினோம். காலுக்கு மேல் கொஞ்சம் போட்டு, மூன்றில் ஒரு பங்கு என்று முடிந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு, “ஏதோ கிடைச்சதே, போதும் வக்கீலம்மா” என்றார்.

2020 ஆகஸ்ட் 11. ஊரடங்கு காலம், கோர்ட் திறக்கவில்லை. வினீதா சர்மா எதிர் ராகேஷ் சர்மா தீர்ப்பு கைப்பேசியில் வந்து விழுந்தது. மூன்று நீதிபதி அமர்வு. மகளின் உரிமை பிறப்பால் வருவது, 2005இல் தகப்பன் உயிரோடு இருந்தாரா என்பது பொருட்டே அல்ல என்று சொல்லி, புலாவதியையும் மங்கம்மாளையும் நிராகரித்திருந்தது. மறுநாள் அந்த அம்மாள் போன் செய்தார். டிவியில் பார்த்திருக்கிறார். “அப்ப எனக்குப் பாதியா?” என்று கேட்டார்.

மக்கள் நீதிமன்றத் தீர்வுக்கு அப்பீல் கிடையாது. அதை அவருக்கு எப்படிச் சொன்னேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

இதில் என் தவறு என்ன என்பதையும் சொல்ல வேண்டும். புலாவதிக்கும் தனம்மாவுக்கும் இடையே முரண்பாடு இருப்பதை 2018 மே மாதமே தில்லி உயர் நீதிமன்றம் கவனித்து எழுதியிருந்தது. அந்த வழக்கில் உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்யச் சான்றும் கொடுத்தது. அந்த மேல்முறையீடுதான் வினீதா சர்மா. நான் சமரசத்தில் கையெழுத்து வைத்த நாளில் அது உச்ச நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தது. எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால், என்ன கஷ்டமானாலும் இரண்டாம் மேல்முறையீட்டைப் போட்டுவைத்துக் காத்திருப்போம் என்றுதான் சொல்லியிருப்பேன். வக்கீல் தெரிந்துவைத்திருக்க வேண்டிய விஷயம் அது. பழி எனக்குத்தான். ஆனால் அந்த 2018, 2019 இரண்டு வருடமும் உங்கள் இதழ் என் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது என்பதையும் நினைத்துப் பார்க்கிறேன். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை அலசுவதற்கென்றே உள்ள இதழ். அதில் இந்த மூன்று தீர்ப்புகளைப் பற்றி ஒரு வரி இல்லை.

தீர்ப்புகள் முரண்பட்டுக் கிடந்ததால்தான் மகள்களின் வழக்குகள் தாமதமாயின என்பதை வினீதா சர்மா தீர்ப்பே ஒப்புக்கொள்கிறது. நிலுவையில் உள்ளவற்றைக் கூடியவரை ஆறு மாதத்துக்குள் முடிக்கச் சொல்கிறது. நீதிமன்றமே தன் தீர்ப்புகள் மோதிக்கொண்டதால் வந்த சேதத்தை எழுதிவைத்திருக்கும்போது, அந்த மோதலை அது நடக்கும்போதே காட்ட முயன்ற ஒரு குறிப்பில் கோட்பாட்டுப் பங்களிப்பு இல்லை என்று ஒதுக்கினீர்கள். இப்போது அந்த ஒதுக்கலையே விதியாக்கியிருக்கிறீர்கள்.

‘அதற்கெல்லாம் தீர்ப்புத் தொகுப்புகள் இருக்கின்றனவே’ என்று நீங்கள் சொல்லலாம். இருக்கின்றன. ஆல் இந்தியா ரிப்போர்ட்டர் நூறு வருடத்துக்கு மேலாக வருகிறது, மெட்ராஸ் லா ஜர்னல் அதற்கும் முந்தியது. அவை தீர்ப்பைத் தரும், அதன் சுருக்கமான தலைக்குறிப்பைத் தரும். இந்தத் தீர்ப்பு போன மாதத் தீர்ப்போடு ஒத்துப்போகவில்லை என்று சொல்வது அவற்றின் வேலை இல்லை. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தன் அதிகாரபூர்வத் தொகுப்பை இ-எஸ்.சி.ஆர். என்று இணையத்தில் இலவசமாகவே வைத்துவிட்டது. என் ஜூனியர் டீக்கடையில் நின்றுகொண்டே தரவிறக்கம் செய்துவிடுகிறாள். இன்று தீர்ப்புக்குப் பஞ்சமில்லை, அதைப் பிரித்துப் படித்துச் சொல்ல ஆளுக்குத்தான் பஞ்சம். அந்த வேலைக்கென்று இருந்த பத்துப் பக்கத்தை இந்த நேரத்தில் மூடுவது எனக்கு விளங்கவில்லை.

அரசியல் சாசன அமர்வுகளுக்கே முன்னுரிமை என்பதைப் பற்றி. சாசனத்தைப் பொருள்கொள்ளும் முக்கியக் கேள்விகளுக்குக் குறைந்தது ஐந்து நீதிபதிகள் என்கிறது 145(3)ஆம் கூறு. அவை முக்கியம், மறுக்கவில்லை. ஆனால் அந்த நீதிமன்றத்தின் நீதிபதிகள் பெரும்பாலான நாட்களில் இருவர், மூவராகத்தான் உட்காருகிறார்கள். குத்தகை, ஜீவனாம்சம், விபத்து இழப்பீடு, காசோலை, ஜாமீன், கிரயப் பத்திரம் என்று எங்கள் கோர்ட் வராந்தாவில் நிற்பவர்களின் தலையெழுத்து எல்லாம் அந்தச் சிறிய அமர்வுகளில்தான் எழுதப்படுகிறது. நீங்கள் பெரிய அமர்வுகளை மட்டும் படித்தால், உச்ச நீதிமன்றத்தின் கோபுரத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கோயிலைப் பார்த்ததாகச் சொல்வது போலாகும்.

பெரிய அமர்வையே எடுத்துக்கொண்டாலும், பார்க்க வேண்டிய இடத்தில் பார்த்தீர்களா? நிலம் கையகப்படுத்தும் புதிய சட்டம் 2014 ஜனவரி 1இல் வந்தது. அதன் 24(2) பிரிவு சொல்வது: பழைய சட்டத்தில் தீர்வம் (இழப்பீட்டை நிர்ணயிக்கும் உத்தரவு) பிறப்பித்து ஐந்து வருடமோ அதற்கு மேலோ ஆகியும், நிலத்தின் சுவாதீனம் எடுக்கப்படவில்லை அல்லது இழப்பீடு தரப்படவில்லை என்றால் அந்த நடவடிக்கை காலாவதி. அதே மாதம் புனே மாநகராட்சி வழக்கில் மூன்று நீதிபதி அமர்வு, பணத்தை அரசுக் கருவூலத்தில் போட்டுவைப்பது இழப்பீடு தந்ததாகாது என்றது. அதை நம்பி என் கட்சிக்காரர் ஒருவர், ஒரு விவசாயி, உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டு 2016இல் ஜெயித்தார். அரசு மேலே போனது. 2020 மார்ச்சில் இந்தூர் வளர்ச்சி ஆணையம் எதிர் மனோகர்லால் வழக்கில் ஐந்து நீதிபதி அமர்வு புனே தீர்ப்பை நிராகரித்தது. பிரிவில் உள்ள ‘அல்லது’ என்ற சொல்லை அப்படியே படிக்கக் கூடாது, இரண்டும் நடக்காமல் இருந்தால்தான் காலாவதி என்று படிக்க வேண்டும் என்றது. நிலத்தை எடுத்துக்கொண்டதாக அதிகாரிகள் மகஜர் எழுதினாலே சுவாதீனம் எடுத்ததாகக் கொள்ளலாம் என்றும் சொன்னது. அவர் ஜெயித்த ரிட் தலைகீழானது. அந்த நிலத்தில் இன்றும் அவர்தான் உழுகிறார். காகிதத்தில் எப்போதோ கைமாறிவிட்டது.

அவர் பத்தாவது வரை படித்தவர். “அல்லதுன்னா இது இல்லைன்னா அதுதானேம்மா? ரெண்டும்னு எப்ப ஆச்சு?” என்று கேட்டார்.

மனோகர்லாலைப் பற்றி நீங்கள் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டீர்கள். 2018இல் புனே தீர்ப்புக்கு எதிராக முடிவெடுத்த அமர்வில் இருந்த நீதிபதியே ஐவர் அமர்வுக்குத் தலைமை ஏற்றது சரியா என்ற விவாதம் அது. நல்ல கட்டுரை, இரண்டு முறை படித்தேன். ஆனால் அந்த விவசாயியின் கேள்வி அதில் இல்லை. ஒரு சொல்லின் நேர்ப்பொருளை விட்டு நீதிமன்றம் எப்போது விலகலாம், விலகினால் பழைய தீர்ப்பை நம்பி ஜெயித்தவர்களுக்கு என்ன பதில் என்பதும் கோட்பாட்டுக் கேள்விதானே? அதைப் பத்தாவது படித்தவர் கேட்டுவிட்டார். உங்கள் கட்டுரை கேட்கவில்லை.

மின்னணுச் சாட்சியத்தை நினைவுபடுத்தி நகர்ந்துவிடுகிறேன். சிசிடிவி போன்ற மின்னணுப் பதிவின் நகலைச் சாட்சியமாக வைக்க, சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு கேட்கும் சான்றிதழ் கட்டாயம் என்று 2014இல் அன்வர் வழக்கில் மூன்று நீதிபதி அமர்வு. கருவி தன் கையில் இல்லாதவருக்குக் கட்டாயமில்லை என்று 2018இல் ஷாஃபி முகமது வழக்கில் இரு நீதிபதி அமர்வு. அது தவறு என்று 2020இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் மறுபடி மூன்று நீதிபதி அமர்வு. இடையில் இரண்டரை வருடம் எத்தனை குறுந்தகடுகள் சான்றிதழ் இல்லாமல் உள்ளே போயின, எத்தனை வெளியே நின்றன என்பது எந்த ஆய்விலும் வராது. பார் ரூமில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் தெரியும்.

2024 ஜூலை 1 முதல் மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறையில் இருக்கின்றன. பிரிவு எண்கள் முழுக்க மாறிவிட்டன. 65பி இருந்த இடத்தில் இப்போது 63. பழைய முன்தீர்ப்புகளில் எவை நிற்கும், எவை விழும் என்பதை அடுத்த பத்து வருடம் சிறிய அமர்வுகள்தான் ஒவ்வொன்றாகச் சொல்லப்போகின்றன. சிறிய அமர்வுகளைக் கவனிப்பதை நிறுத்த இதைவிடப் பொருந்தாத நேரம் இருக்க முடியாது.

உங்கள் புதிய விதிகளோடு 1979ஐ நினைத்துப் பார்க்கிறேன். துக்காராம் எதிர் மகாராஷ்டிரா, 1978. காவல் நிலையத்துக்குள் ஒரு பழங்குடிச் சிறுமிக்கு நடந்த கொடுமையில், உயர் நீதிமன்றம் தண்டித்த இரண்டு போலீஸ்காரர்களை உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. உடலில் காயம் இல்லை, அவள் எதிர்க்கவில்லை என்பது காரணம். அது அரசியல் சாசன அமர்வு அல்ல, மூன்று நீதிபதிகள் கேட்ட ஒரு குற்றவியல் மேல்முறையீடு. உபேந்திர பக்ஷி, ரகுநாத் கேல்கர், லோதிகா சர்க்கார், வசுதா தகம்வார் என்ற நான்கு சட்டப் பேராசிரியர்கள் 1979 செப்டம்பரில் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினார்கள். அதை ஒரு சட்ட இதழ் வெளியிட்டது. அதைத் தொடர்ந்து கிளம்பிய எதிர்ப்பின் விளைவாக 1983இல் குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் நடக்கும் வன்புணர்வு தனிக் குற்றமானது, அப்படிப்பட்ட வழக்கில் தான் சம்மதிக்கவில்லை என்று பெண் சொன்னால் நீதிமன்றம் அப்படியே அனுமானிக்க வேண்டும் என்று சாட்சியச் சட்டத்தில் 114ஏ பிரிவு வந்தது. ஒரு சிறிய அமர்வின் தீர்ப்பைப் பற்றிய மடல் அது. இன்று அதை உங்களுக்கு அனுப்பினால், அறிவித்திருக்கிற விதிப்படி நீங்கள் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். எழுதியவர்கள் பேராசிரியர்களாக இருந்ததால் ஒரு விதியில் மட்டும் தப்பியிருப்பார்கள்.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் யோசித்தேன். வக்கீல்கள் அனுப்பும் குறிப்புகளில் பல மோசமானவை. தான் ஜெயித்த வழக்கைத் தானே புகழ்ந்து எழுதுவார்கள். தோற்றதற்கு நீதிபதியைத் திட்டித் தீர்ப்பார்கள். கட்சிக்காரரிடம் காட்டுவதற்காகவே அச்சில் பெயர் வர வேண்டும் என்பவர்களும் உண்டு. என் பாரிலேயே மூன்று பேரைச் சொல்வேன், சொல்லவில்லை. இதற்கெல்லாம் வழி இருக்கிறது. எழுதுபவர் அந்த வழக்கிலோ அதே கேள்வி உள்ள வேறு வழக்கிலோ ஆஜராகியிருந்தால் அதை முதல் வரியிலேயே எழுத வேண்டும் என்று விதி வையுங்கள். நான் 2018இல் அனுப்பியபோது என் அப்பீல் நிலுவையில் இருந்ததைச் சொல்லவில்லை. நீங்கள் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், அதுதான் நியாயம்.

இணை ஆசிரியர் விதி மட்டும் எந்தக் குறையையும் தீர்க்காது. என்ன நடக்கும் என்று சொல்கிறேன். ஜூனியர் வக்கீல் ராத்திரி கண் விழித்து எழுதுவார். பழக்கமான பேராசிரியர் ஒருவரின் பெயர் மேலே ஏறும். அவர் கட்டுரையைப் படித்தும் பார்க்காமல் இருக்கலாம். அப்படிக் கடன் வாங்கிய பெயரால் உயரும் தரம் எது என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த மடலைத் தமிழில் எழுதியது ஏன் என்று சிலர் கேட்கக்கூடும். உங்கள் குழுவில் தமிழ் தெரிந்தவர்கள் நான்கு பேர் இருக்கிறார்கள். எங்கள் கோர்ட்டில் சாட்சி தமிழில் பேசுகிறார், குறுக்கு விசாரணை தமிழில் நடக்கிறது, கட்சிக்காரர் தமிழில் அழுகிறார். ஆங்கிலம் வேண்டும் என்கிற, அரசியல் சாசனத்தின் 348ஆம் கூறு, நீதிமன்றங்களைப் பொறுத்தவரை உச்ச நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்றங்களுக்கும்தான். ஆய்விதழ்களைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

நான் கேட்பவை இவை.

தீர்ப்புக் குறிப்புகள் பகுதியை அடுத்த தொகுதியிலேயே மீண்டும் கொண்டுவாருங்கள். நாலு பக்கத்துக்கு மேல் வேண்டாம், தரம் பார்த்து எத்தனையை வேண்டுமானாலும் திருப்பி அனுப்புங்கள். அமர்வில் எத்தனை நீதிபதிகள் என்று பார்த்துத் திருப்பாதீர்கள். திருப்புவதையும் ஏழு மாதம் வைத்திருக்காமல் ஆறு வாரத்தில் செய்யுங்கள். ஒரு முரண்பாட்டைப் பற்றிய குறிப்புக்கு ஏழு மாதம் என்பது ஒரு அப்பீலின் ஆயுள்.

இணை ஆசிரியர் விதியை நீக்குங்கள். அதற்குப் பதிலாக, நான் மேலே சொன்ன ஆஜர் விவரத்தைக் கட்டாயமாக்குங்கள்.

ஒவ்வோர் இதழிலும் ஒரே ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: ஒரே கேள்வியில் உச்ச நீதிமன்றத்தின் எந்தத் தீர்ப்பும் எந்தத் தீர்ப்பும் மோதுகின்றன, அவற்றில் எவை பெரிய அமர்வின் முன் நிலுவையில் இருக்கின்றன. வெறும் பட்டியல் போதும், கருத்து வேண்டாம். அந்தப் பக்கத்தை மட்டுமாவது தமிழிலும் கொடுங்கள், சந்தா இல்லாதவர்களும் படிக்கும்படி இணையத்தில் வையுங்கள். உங்கள் மாணவர்கள் இருவர் செய்துவிடக்கூடிய வேலை. ஆள் இல்லை என்றால் எங்கள் மாவட்டப் பங்கை நானும் என் ஜூனியரும் பணம் வாங்காமல் தொகுத்துத் தருகிறோம்.

கடைசியாக, 2018இல் நான் அனுப்பிய குறிப்பை நீங்கள் இப்போது வெளியிட வேண்டும் என்று கேட்கவில்லை. வினீதா சர்மாவுக்குப் பிறகு அதற்கு வேலை இல்லை. புலாவதிக்கும் வினீதா சர்மாவுக்கும் இடைப்பட்ட ஐந்து வருடத்தில் கால் பங்கோடு முடிந்துபோன மகள்களின் வழக்குகளைப் பற்றி ஒரு சிறப்பிதழ் கொண்டுவாருங்கள். இறுதியாகிவிட்டவற்றைத் திறக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். எத்தனை என்றாவது எண்ணுங்கள். எங்கள் மாவட்டத்தில் நான் எண்ணத் தொடங்கிவிட்டேன். என் கட்சிக்காரரின் சம்மதத்தோடு, அவர் கட்டின் நகலை முதலாவதாக உங்களுக்கு அனுப்புகிறேன்.

உங்கள் பதிலை இதழிலேயே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மாவட்ட நீதிமன்ற வழக்கறிஞர் ஒருவர்,
உங்கள் சந்தாதாரர்